டூஸியின் பதக்கம்

அன்புள்ள கவின்,

க்வாய் நதிப் பாலம் பற்றிய அந்தப் பழைய படத்தில் வரும் கர்னல் நிஜமாகவே இருந்தாரா என்று கேட்டிருந்தாய். இருந்தார், ஆனால் படத்தில் காட்டியது போல அல்ல. லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூஸி உன் பக்கத்து ஊர்க்காரர். உன் லிவர்பூலிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பர்க்கன்ஹெட்டில் 1904இல் பிறந்தவர். பேரிங்ஸ் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரப் படையில் பீரங்கி பழகினார். 1942 ஜனவரியில் 135ஆவது பீரங்கி ரெஜிமென்டோடு மலாயாப் போரில் இறங்கினார்.

டி.எஸ்.ஓ. (டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் ஆர்டர்) பதக்கம் அவருக்குக் கிடைத்தது சிங்கப்பூர்ச் சண்டைக்காக. வெள்ளை எனாமல் சிலுவை, நடுவே பச்சை இலைமாலைக்குள் கிரீடம், நீலக் கரையிட்ட சிவப்பு நாடா. 1993 வரை அதிகாரிகளுக்கு மட்டும், அதுவும் போர்க்களச் சேவைக்காகத் தந்தது. பிப்ரவரி 12 அன்று, கப்பலேறித் தப்பிவிடு என்று மேலிடத்து உத்தரவு வந்தது. தன் ஆட்களை விட்டுப் போக மாட்டேன் என்று மறுத்துவிட்டார். 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அந்த மறுப்பின் விலை மூன்றரை வருடச் சிறை.

அவருடைய பெரிய வீரம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்பேன். சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், டாமர்கான் முகாமில் அவர் பொறுப்பில் இருந்த கைதிகள்தான் ஒரு மரப்பாலமும் ஓர் இரும்புப் பாலமும் கட்டினார்கள். படத்துக் கர்னல் பாலத்தின் மேல் பெருமை கொள்கிறார். நிஜத்தில் கரையானைப் பிடித்துவந்து மரத்தில் விட்டார்கள், கான்கிரீட்டை வேண்டுமென்றே மோசமாகக் கலந்தார்கள். ஆட்கள் அடிபடும்போதெல்லாம் டூஸி போய் முறையிட்டார், அதற்காகத் தானும் அடி வாங்கினார். இரண்டு அதிகாரிகள் தப்பி ஓடியதை 48 மணி நேரம் மறைத்துவைத்து, தண்டனையும் அனுபவித்தார். போனவர்கள் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்ததும் அதே டூஸி, முகாமில் ஓரளவு நியாயமாக நடந்துகொண்ட சைத்தோ என்ற ஜப்பானியருக்காகப் பரிந்து பேசினார். படம் அந்தப் பெயரைத்தான் கொடுமைக்காரனுக்கு வைத்தது!

இந்த வீரத்துக்கு டி.எஸ்.ஓ. விதியில் இடமில்லை. பிரிட்டன் போர்க்கைதிக்கென்று தனிப் பதக்கம் வைக்கவே இல்லை. அமெரிக்காகூட 1985இல்தான் வைத்தது. எந்தப் பதக்கத்தைப் பார்த்தாலும், அது எந்த நாட்களை அளக்கிறது, எந்த நாட்களை விட்டுவிடுகிறது என்று பார்.

அப்படிப் பார்த்தால் நம் ஆட்கள் கணக்கிலேயே வரவில்லை. அந்தப் பாலங்கள் அமைந்த, 415 கிலோமீட்டர் நீளமான சயாம் மரண ரயில் பாதையைக் கட்டியபோது இறந்த கைதிகள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெருந்தொகையினர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், பிறகு பிடித்துப்போட்டும் கொண்டுபோனார்கள். கைதிகளுக்கு ராணுவ டாக்டர்களாவது இருந்தார்கள், கட்டுப்பாடு இருந்தது, டூஸி போன்ற ஒருவர் இருந்தார். குடும்பத்தோடு போன தோட்டத் தமிழருக்கு வாதாட ஆளில்லை. காலரா வந்தபோது கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகள் வரிசையாக, பராமரிப்போடு இருக்கின்றன. அங்கே நம்மவருக்கு ஒரு வரிசை கிடையாது.

திரும்பி வந்த கைதிகளுக்கு உங்கள் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிதான் பல்லாண்டுகள் வைத்தியம் பார்த்தது. அதற்கு டூஸியும் முன்நின்றார். அவர்களின் நினைவுகளையும் அங்கே பதிந்து வைத்திருக்கிறார்கள். ஒருநாள் போய், தோட்டத் தமிழரைப் பற்றி அந்தக் கைதிகள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று விசாரித்து எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா