சாம்பலுக்குள் ஒளிந்தவன்

அப்பாவைச் சாம்பல் நிறத்தில் மட்டுமே வரைந்தேன். கேட்டவர்களிடம் "க்யூபிசம்" என்று பெருமையடித்தேன். உண்மை வேறு. எனக்குத் தோலின் நிறம் கலக்க வராது. நடராசரே சுவரோவியமாக இருக்கும் குற்றாலம் சித்திர சபையைப் பார்த்து வளர்ந்தவன், வண்ணத்துக்குப் பயந்து சாம்பலுக்குள் ஒளிந்தேன்.

அது சாரல் சீசன். தென்காசி வீட்டு மாடியில் கான்வாஸை நிறுத்தி, முகத்தை முக்கோணமும் நாற்கரமுமாக வெட்டினேன். கறுப்பு அக்ரிலிக்கில் வெள்ளையைக் கூட்டியும் குறைத்தும் கட்டங்களை நிரப்பினேன். ஈரக்காற்றில் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் விளிம்பெல்லாம் கசிந்தது. அக்ரிலிக் காய்ந்தால் சற்றுக் கறுக்கும் என்பதையும் மறந்துவிட்டேன்.

"என்னல, செவுத்துக்குச் சிமென்டு பூசுன மாதிரி இருக்கு?" என்றாள் அம்மா. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "யாருடே இது?" என்றார்.

மறுநாள் ஐந்தருவி போகிற வழியில் வண்டியை நிறுத்தி மலையைப் பார்த்தேன். கிட்டத்து மடிப்பு பழுப்பேறிய சாம்பல், அதற்குப் பின்னே நீலச் சாம்பல், கடைசி மடிப்பு மேகத்தோடு மேகம். வெறும் கறுப்பு எங்கும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கறுப்பு டியூபை மூடினேன். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் சேர்ந்தாலே கறுப்புக்கு நிகரான அடர்த்தி வந்துவிடும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல். அம்பர் கூடினால் சூடான சாம்பல். வெள்ளை சேர்த்து இரண்டையும் ஐந்தைந்து படிகளாக டப்பிகளில் கலந்து, அட்டையில் தீற்றிக் காயவைத்தேன். முன்னால் வரும் நெற்றிக்கும் மூக்குக்கும் சூடு. பின்வாங்கும் கன்னத்துக்கும் கழுத்துக்கும் குளிர். டேப்பின் விளிம்பில் முதலில் அடி நிறத்தையே ஒரு கை பூசினேன். கசிந்தாலும் அதுதான் கசியும். மேல் நிறம் வெட்டினாற்போல் நின்றது.

சாயல் மட்டும் பிடிபடவில்லை. க்யூபிச ஓவியர் ஹுவான் கிரிஸ் 1912-இல் வரைந்த பிக்காசோவின் உருவப்படத்தை எடுத்துப் பார்த்தேன். நீலம், சாம்பல், பழுப்புதான். முகம் சில்லுசில்லாகக் கிடக்கிறது. ஆனால் கையில் வண்ணத்தட்டு, கோட்டில் பொத்தான்கள் அப்படியே இருக்கின்றன. எதை உடைப்பது என்றே யோசித்த நான், எதை விட்டுவைப்பது என்று யோசிக்கவே இல்லை. பேப்பர் படிக்கையில் அப்பாவின் மூக்கு நுனிக்கு இறங்கிவிடும் கண்ணாடியை உடைக்காமல் வரைந்தேன்.

"கண்ணாடி என்னோடதுல்லா!" என்றார் அப்பா.

சாம்பலில் வரையப்போகிறவர்கள் முதலில் அந்த ஐந்தைந்து படிகளையும் அட்டையில் காயவைத்துப் பாருங்கள். கறுப்பு டியூபை அப்புறம் திறந்துகொள்ளலாம்.