இடைவேளையில் ஆடின தலைவர்

'சீஃப் இலினிவெக்' எண்டு ஒரு தலைவர் வரலாற்றில் இருந்ததே இல்லை. ஆனால் 1926 இலிருந்து 2007 வரைக்கும் அவர் ஆடினார். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் போட்டி இடைவேளையில், இறகுக் கிரீடமும் தோலுடுப்புமாய் ஒரு மாணவர் மைதானத்துக்குள்ள ஓடிவந்து துள்ளித் துள்ளி ஆடுவார். சனம் எழும்பி நிண்டு கத்தும். ஆடினவை அநேகமாய் எல்லாரும் வெள்ளைக்கார மாணவர்கள்.

பேர் அந்த மண்ணில் வாழ்ந்த இலினி மக்களுடையது. உடுப்போ லக்கோட்டா மக்களுடையது, அவை வேற இடம், வேற ஆக்கள். இலினிகளை 19 ஆம் நூற்றாண்டிலேயே மேற்குப் பக்கம் துரத்திப் போட்டாங்கள். அவையின்ர வழிவந்த பியோரியா இனத்தவர் இண்டைக்கு ஒக்லஹோமாவில இருக்கினம்.

1980களின் கடைசியில் சார்லீன் ரீற்றேர்ஸ் எண்ட ஸ்போக்கேன் இனப் பெண் அங்க ஓவியம் படிக்க வந்தா. ஒருநாள் தன்ர ரெண்டு பிள்ளைகளையும் கூடைப்பந்துப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனா. 'தலைவர்' ஆட வந்ததும் மகள் கதிரைக்குள்ள அப்பிடியே ஒடுங்கிப் போனாளாம். மகன் சிரிக்கப் பார்த்தானாம். ஜே றோசன்ஸ்ரைன் 1997 இல் எடுத்த ஆவணப்படத்தில் அவ இதைச் சொல்லுற இடம் எனக்கு இன்னும் போகேல்ல, முக்கியமா அந்தச் சிரிப்பு. தன்னைப் பகிடி பண்ணுற கூட்டத்துக்கு நடுவில இருக்கிற பிள்ளை வேற என்ன செய்யும்? பிறகு அவ ஒரு பதாகையோட மைதான வாசலில தனியப் போய் நிண்டா. ஏச்சும் வாங்கினா.

ரசிகர்கள் சொன்னது ஒண்டுதான்: "நாங்கள் கௌரவிக்கிறம்." அந்தப் பாசம் பொய் எண்டு நான் சொல்லமாட்டன். பிக் மாட்ச் நாளில பழைய மாணவர்கள் கொடியைப் பிடிச்சுக்கொண்டு அழுறதைப் பார்த்த எங்களுக்கு அது விளங்கும். ஆனால் 2000 இல் பியோரியா இனத்தவரே இதை நிப்பாட்டுங்கோ எண்டு தீர்மானம் போட்டுக் கேட்டினம். நிப்பாட்டேல்ல. கௌரவம் வேண்டாம் எண்டு சொன்ன பிறகும் குடுத்துக்கொண்டிருந்தால், அது ஆருக்கான கௌரவம்?

புளோரிடா ஸ்ரேற் பல்கலைக்கழகம் செமினோல் எண்ட பேரை இப்பவும் வைச்சிருக்கு, புளோரிடா செமினோல் இனத்தின்ர சம்மதத்தோட. குதிரையில வந்து ஈட்டி எறியிற அந்தக் காட்சி எனக்குப் பிடிக்காது. ஆனால் அங்க ஒரு சம்மதமாவது இருக்கு.

இலினோயை அசைச்சது வேற விசயம். 2005 இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், இப்பிடியான சின்னங்கள் வைச்சிருக்கிற பல்கலைக்கழகங்கள் சம்பியன்ஷிப் போட்டிகளை நடத்தேலாது எண்டு அறிவிச்சது. இலினோயும் அந்தப் பட்டியலில. 2007 பெப்ரவரி 21, கடைசி ஆட்டம். ஒரு தாயின்ர பதாகைக்கும் ஒரு இனத்தின்ர தீர்மானத்துக்கும் அசையாத நிர்வாகம், போட்டி கைவிட்டுப் போகுது எண்டதும் அசைஞ்சது. எனக்கு சந்தோசத்தை விடக் கோவம்தான் வந்தது.

'ஃபைற்றிங் இலினி' எண்ட பேர் இப்பவும் இருக்கு. போட்டிகளில் அடிக்கிற 'போர் முழக்க' மெட்டை நிப்பாட்ட இன்னும் பத்து வருசம் எடுத்தது, 2017 வரைக்கும்.