ஆன்பொருநைக் கரையில் ஒரு நாள்

கோவையினின்று அவினாசி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த ஊர் கருமத்தம்பட்டி. இவ்வூரிலும் அடுத்துள்ள சோமனூரிலும் விசைத்தறிகளின் ஓசை இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருக்கும். அங்குத் தறியோட்டி வாழும் கணவனும் மனைவியும் ஓர் ஓய்வு நாளில் பழம்பெருமை வாய்ந்த கரூரைக் கண்டுவரப் புறப்பட்டனர். விடியற்காலையில் பேருந்து ஏறி, பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் ஆகிய ஊர்களைக் கடந்து கரூரை அடைந்தனர்.

முதலில் அவர்கள் சென்றது பசுபதீசுவரர் திருக்கோயில். ஆனிலை என்னும் பெயருடைய இத்தலம், தேவாரப் பாடல் பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழனுள் ஒன்று. எறிபத்த நாயனார் வாழ்ந்ததும், திருவிசைப்பா பாடிய கருவூர்த் தேவர் பிறந்ததும் இவ்வூரே. இருவரும் வழிபட்டுப் பிராகாரத்தை வலம் வந்தனர்.

பின்னர் அருங்காட்சியகத்தினுள் நுழைந்தனர். அங்கிருந்த பானை ஓடுகளையும் பழங்காசுகளையும் கண்ட மனைவி, “ஏனுங்க, சேர மன்னர் ஆண்ட ஊர் என்றீர்களே, அவர்களுடைய அரண்மனை எங்கே?” என்று வினவினாள்.

அருகில் நின்ற பணியாளர் புன்முறுவலுடன் விடை கூறினார்: “அரண்மனை மண்ணாயிற்று, அம்மா. ஊரின் கதையை இப்போது ஆறுதான் சொல்கிறது. சங்க காலத்தில் ஆன்பொருநை எனப்பட்ட அமராவதி ஆற்றின் மணலில் சேரர் காசுகளும் உரோமர் காசுகளும் மிகுதியாகக் கிடைத்தன. ஆணும் பெண்ணும் இணைந்து நிற்கும் உருவம் பொறித்த பொன் மோதிரம் ஒன்றும் கிடைத்தது.”

மேலைக் கடற்கரையில் இறங்கிய வணிகர், பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யற்கரைக் கொடுமணலைக் கடந்து கரூருக்கு வந்தனர். கிரேக்க அறிஞர் தாலமியும் சேரர் தலைநகராகக் ‘கரூரா’ என்னும் ஊரைக் குறித்துள்ளார். சேரரின் வஞ்சி மாநகர் இதுவே என்பர் அறிஞர் பலர். வேறு கருத்துடையோரும் உளர்.

பிற்பகலில் இருவரும் புகலூரை அடுத்த வேலாயுதம்பாளையம் சென்று, ஆறுநாட்டார் மலையில் ஏறினர். அங்குள்ள குகைத்தளங்களில், ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. சேர மரபினர் மூவரின் பெயர்களை அவற்றுள் காணலாம். இளவரசன் ஒருவன் தான் பட்டம் ஏற்றபோது சமணத் துறவி ஒருவருக்காகக் கற்படுக்கை செதுக்குவித்த செய்தியை அவை கூறுகின்றன. அரசனின் பெயரோடு கரூர்ப் பொன்வணிகன் ஒருவனின் பெயரும் அதே மலையில் நிலைபெற்றிருப்பதை அறிந்து கணவன் வியந்தான். “உழைத்துப் பொருளீட்டியவனுக்கும் அன்று இடம் இருந்திருக்கிறது!” என்றான்.

மாலையில் கரூருக்குத் திரும்பி, அமராவதிக் கரையில் அமர்ந்தனர். அகன்ற மணற்பரப்பின் நடுவே நீர் சிறு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அதனை நெடுநேரம் நோக்கியிருந்த மனைவி மெல்லக் கேட்டாள்: “முன்னோர் விட்டுச் சென்ற பொன்னையும் காசையும் இந்த மணல் காத்துவைத்துத் தந்தது. நம் காலத்து மக்கள் ஆற்றில் எதை விட்டுச் செல்கிறார்கள்?”

கணவனுக்கு உடனே விடை கூற இயலவில்லை. அவன் நெய்யும் காடாத் துணி சாயம் ஏறிய பின்னரே ஆடையாகிறது. அத்தகைய சாயக் கழிவால் அவர்கள் நாட்டு ஆறாகிய நொய்யல் கெட்டதை அவன் அறிவான். உழவர்க்குப் பாசனநீர் தருவதற்கென்று 1992-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீரே தேங்கியது. 2011-ஆம் ஆண்டு, கழிவுநீரை முற்றிலும் தூய்மையாக்காத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அப்போது வேலையிழந்தோரின் துயரையும் அவன் கண்டிருந்தான்.

“ஆறும் வேண்டும், தொழிலும் வேண்டும்,” என்றான் அவன். “சாயநீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்த வழி இருக்கிறது. செலவு மிகுதிதான். ஆயினும் அச்செலவையும் துணியின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். அதனைத் தவிர்த்தால், அக்கடனை ஆற்றங்கரை உழவர் அல்லவா தீர்க்க நேரும்?”

மனைவி ஒன்றும் கூறவில்லை. கையில் அள்ளிய மணலில் காசு ஏதும் இருக்கிறதா எனக் குழந்தைபோல் தேடிப் பார்த்தாள். பின்னர்ச் சிரித்துக்கொண்டே அதனை ஆற்றிலேயே விட்டாள்.

நொய்யலும் அமராவதியும் கரூரை அடுத்தே காவிரியில் கலக்கின்றன. மேற்கே ஓரூரார் ஆற்றில் விடுவது, கிழக்கே வேறோர் ஊராரின் வயலைச் சென்று சேர்கிறது. இவ்வுண்மையை நெஞ்சில் ஏந்தியவர்களாய் அவ்விருவரும் இரவுப் பேருந்தில் ஊர் திரும்பினர். மறுநாட் காலையில் தறி வழக்கம்போல் ஓடத் தொடங்கியது.