நாரணாபுரத்து நாய்க்குப் பல் உடைவது எப்படி?

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற வழியெல்லாம் வெடியாபீஸ் விளம்பரம்தான். புரட்டாசி மாதம், தீபாவளிச் சரக்கு ஏற்றுகிற அவசரத்தில் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. நாங்கள் போனது பட்டாசு வாங்க அல்ல, வீட்டு நாய்களின் வாயைத் திறந்து பார்க்க. கூட வந்தவர் பணி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். இந்த வட்டாரத்தில் மாட்டுக்கு ஊசி போட்டே தலை நரைத்தவர்.

முதல் வீட்டு இரும்பு கேட்டில் செவலை நிற நாட்டு நாய் ஒன்று சங்கிலியில் கிடந்தது. பெயர் மணி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி பல்லைப் பற்றியதல்ல. “வெறிநாய் ஊசி போட்டாச்சா?” அட்டையைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் கையை நீட்டினார். தாடை தொங்கி எச்சில் ஒழுக நிற்கும் நாயைப் பார்த்ததும், தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று கையை விட்டுத் துழாவுகிறவர்கள் உண்டு. ரேபிஸ் முற்றிய நாயும் அப்படித்தான் நிற்கும். அந்தச் சந்தேகம் இருந்தால் நாயின் பக்கமே போகக் கூடாது.

மணி சாதுவான நாய். டாக்டர் மேலுதட்டைப் பக்கவாட்டில் தூக்கினார். இடது கோரைப்பல் பாதிதான் இருந்தது. உடைந்த முகப்பின் நடுவே மிளகளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

“கல்லைக் கடிச்சிருக்கும் டாக்டரய்யா” என்றார் வீட்டுக்காரர்.

டாக்டர் பதில் சொல்லாமல் கேட்டின் கீழ்க் கம்பியைக் காட்டினார். நாயின் வாய் எட்டுகிற உயரத்தில் மட்டும் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தது. “போன தீபாவளிக்கும் இங்கதான் கட்டியிருந்தீங்களா?”

“ஆமா. அவுத்து விட்டா ஓடிப்போயிருமே.”

சத்தம் தாளாமல் தப்பிக்கப் பார்க்கிற நாய் வாய்க்கு எட்டியதைக் கடிக்கும். கட்டிப் போட்டிருந்தால் கிடைப்பது கம்பியும் சங்கிலியும்தான். மணியின் வலது கோரைப்பல் உடையவில்லை, ஆனால் அதன் பின்பக்கம் அரம் போட்டாற்போல் தேய்ந்திருந்தது. அது சங்கிலியைக் கடித்த தேய்மானம். உடைந்த பல்லில் தெரிந்த கறுப்புப் புள்ளி, உள்ளே இருந்த நரம்பும் ரத்தக்குழாயும் செத்துப்போன வாசல். அந்த வழியாகக் கிருமி வேர் வரை இறங்கும். ஒன்று வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லையேல் பல்லைப் பிடுங்க வேண்டும். “நல்லாத்தானே சாப்பிடுது?” என்று வீட்டம்மா கேட்டார். பல்வலிக்காக நாய் பட்டினி கிடப்பது அபூர்வம். மறுபக்கம் மென்று விழுங்கிவிடும். அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை.

தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: “எங்க ஊரு நாய்க்கு வெடியெல்லாம் பழகிப் போச்சு.” ஒருவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கோ தூரத்தில் ஒரு வெடி வெடித்தது. நின்றிருந்த ஸ்கூட்டருக்கு அடியில் படுத்திருந்த நாய் காதைப் பின்னுக்கு மடக்கி உதட்டை நக்கியது, எழவில்லை. பழகிப்போனது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான் என்று எனக்குத் தோன்றியது. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை, பூனைக்கு 60,000-க்கும் மேலே. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று சட்டம் வரம்பு வைத்திருப்பது மனிதக் காதுக்கு. நாயை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வீட்டில் ராஜபாளையம் நாய். 2005-இல் அஞ்சல் தலையில் ஏறிய இனம். சொந்த மாவட்டத்து நாய் என்ற பெருமை வீட்டுக்காரர் பேச்சில் தெரிந்தது. வெள்ளை முகத்தில் வலது கண்ணுக்குக் கீழே எலுமிச்சை அளவு வீக்கம், அதன்மேல் மஞ்சள் பூச்சு. பட்டாசுப் பொறி பட்ட புண்ணாம். மஞ்சள் வைத்தால் வற்றுகிறது, ஒரு மாதத்தில் திரும்ப வருகிறதாம். இந்த ஊரில் எந்தப் புண்ணுக்கும் பொறிதான் முதல் சந்தேகம்.

டாக்டர் கண்ணைப் பார்க்கவே இல்லை, வாயைத் திறந்தார். மேல்வரிசையில் இருக்கும் பெரிய கடைவாய்ப்பல் முழுக்கப் பழுப்பு நிறக் காரை. ஈறு சிவந்து ஒதுங்கியிருந்தது. மூன்று வேர் கொண்ட பல் அது. வேரில் சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழேதான் வீங்கும், உடையும், ஆறும், மறுபடி வீங்கும். பல்லைச் சரிசெய்யாமல் மேலே எதைப் பூசியும் பயனில்லை. மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்துச் செய்கிற வேலை என்பதால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கத்தியால் காரையைச் சுரண்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டவருக்கு நல்ல திட்டு விழுந்தது.

பல்லில் படிகிற அழுக்கு இரண்டு மூன்று நாளிலேயே காரையாக இறுகத் தொடங்கிவிடும். மூன்று வயதுக்குள் பெரும்பாலான நாய்களுக்கு ஈறு நோய் தொடங்கியிருக்கும். வாய் நாற்றத்தை ‘நாய் என்றால் அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம். அது நோயின் நாற்றம்.

சாயங்காலம் வெடியாபீஸ் வேலை முடிந்து திரும்பிய ஒரு பெண் வாசலிலேயே நின்றார். முழங்கை வரை அலுமினியத் தூள் மின்னியது. குட்டிநாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவர, “கிட்ட வராதல” என்று அதட்டிவிட்டு நேரே கொல்லைக்குப் போய்க் கைகால் கழுவி, சேலை மாற்றிய பிறகுதான் அதைத் தூக்கினார். பிள்ளைக்காகத் தொடங்கிய பழக்கமாம், நாய்க்கும் ஆயிற்று. அன்று நான் பார்த்ததில் சிறந்த நாய் வளர்ப்பு அதுதான்.

அந்தக் குட்டியின் ஈறை வைத்தே டாக்டர் பாடம் நடத்தினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தே கிடந்தால் ரத்தம் குறைவு. சாக்லேட் நிறத்துக்கு மாறினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் தவிக்கிறது. உடனே ஓட வேண்டும். தீக்குச்சி மருந்தில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட்டைத் தின்றாலும் அப்படி ஆகும், காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் தின்ற பூனைக்கும் ஆகும். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நஞ்சான பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்க உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. பழைய சரக்கும் வெடிக்காத வெடியும் மூலையில் கிடக்கிற வீட்டில் அந்தத் தடை நாயைக் காப்பாற்றாது. நாய் எதையும் வாயால்தான் சோதித்துப் பார்க்கும்.

பிறகு பல் தேய்த்துக் காட்டினார். ஆள்காட்டி விரலில் ஈரப் பருத்தித் துணியைச் சுற்றி, உதட்டுக்கும் பல்லுக்கும் இடையே விட்டு வெளிப்பக்கம் மட்டும். நம் பேஸ்ட் கூடாது. நாய்க்குக் கொப்பளிக்கத் தெரியாது, விழுங்கிவிடும். சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் நாய்க்கு நஞ்சு. தினமும் செய்யச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்துவிட்டார். “எம்பிள்ளைக்கே தேச்சுவிட நேரமில்லைய்யா.” ஒருநாள் விட்டு ஒருநாள் என்று டாக்டர் இறங்கிவந்தார். அந்தப் பேரம் எனக்குப் பிடித்திருந்தது. நடக்காத தினத்தைவிட நடக்கிற ஒருநாள் விட்டு ஒருநாள் மேல். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும் என்பதால் அறவே கூடாது. கட்டைவிரல் நகம் பதியாத அளவுக்குக் கெட்டியான எதையும் கடிக்கக் கொடுத்தால் பல் உடையும்.

தமிழ்நாட்டில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாரணாபுரம் அந்தக் கணக்கில் நிற்காது, உங்கள் தெருவும் நிற்காது. அதனால் அன்று விடிவதற்குள் நாயை வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். சங்கிலியைக் கழற்றி, தெருவைப் பார்க்காத உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓடவிடுங்கள். கட்டிலுக்கடியில் புகுந்தால் இழுக்காதீர்கள். நடுங்கிச் சுவரைப் பிறாண்டுகிற நாய் என்றால் பயம் தணிக்கும் மாத்திரை உண்டு. எடைக்குத் தக்க அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதை ஒரு வாரம் முன்னதாகவே போய்க் கேளுங்கள். தீபாவளி அன்று காலையில் போன் செய்தால் டாக்டர் வீட்டிலும் வெடிச் சத்தம்தான் கேட்கும்.