விருந்தும் ஹோஸ்டும்

விருந்து என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை. புதியதாகப் புனையப்படும் செய்யுள் வகையொன்றைத் தொல்காப்பியம் இப்பெயராலேயே குறிக்கிறது. புதுமையைக் குறித்த சொல் பின்னர்ப் புதிதாய் வந்த மனிதரையும், அதன்பின் அவருக்குப் படைக்கும் உணவையும் குறித்தது. சுற்றத்தாரை வள்ளுவர் வேறாக எண்ணுவதால், அவருக்கு விருந்தென்பது முன்பின் அறியாதவர். இன்று நமக்கு இலையும் பாயசமும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. வந்தவர் சொல்லிலிருந்து வெளியேறிவிட்டார்.

விருந்தளிப்பவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'ஹோஸ்ட்' வேறொரு வகையில் வியப்பளிப்பது. அதன் மூலமான இலத்தீன் 'ஹோஸ்பெஸ்' விருந்தளிப்பவர், விருந்தினர் இருவரையும் குறித்தது. அதற்கு உறவான 'ஹோஸ்டிஸ்' முதலில் அயலாரையும் பின்னர்ப் பகைவரையும் சுட்டியது. படை என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் இன்னொரு 'ஹோஸ்ட்' இதன் வழிவந்ததே. விருந்தினரைக் குறிக்கும் 'கெஸ்ட்' என்பதும் இதே வேரினது. வாசலில் நிற்கும் அயலார் விருந்தா பகையா என்பதை வரவேற்பே முடிவு செய்கிறது போலும்.

நான் வாழும் அல்சூரில் இச்சொற்கள் அகராதிக்குள் அடங்குவதில்லை. 1809இல் ஆங்கிலேயர் இங்கே படைமுகாம் அமைத்தனர். சிப்பாய்களாகவும் வணிகர்களாகவும் கூலிகளாகவும் தமிழர் பலர் இப்பகுதிக்கு வந்தது அப்படையின் பின்னேதான். என் வீட்டுக்கார அம்மையாரின் பாட்டியே இங்குப் பிறந்தவர். ஆயினும் "உங்கள் ஊர் எது?" என்று அவரிடம் இன்றும் கேட்பவர் உண்டு. அவரோ, நான் பெட்டியோடு வந்திறங்கிய நாளில் பிசிபேளே பாத் பரிமாறியவர். ஊராருக்கு விருந்தினர், எனக்கு விருந்தளித்தவர். ஹோஸ்பெஸ் என்பதற்கு இதனினும் தெளிவான உரையை நான் கண்டதில்லை.

அல்சூர் ஏரியருகே நிறுவப்பட்ட வள்ளுவர் சிலை, எதிர்ப்பினால் திறக்கப்படாமல் ஏறத்தாழ 18 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. முகந்திரிந்து நோக்கினாலே விருந்தினர் அனிச்சம்போல் வாடிவிடுவர் என்று உணர்த்தியவரின் முகமே துணிக்குள் இருந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது.

இதை அரசியல் உடன்பாடு என்று சுருக்கிவிடலாம், அதுவும் உண்மையே. ஆனால் ஒரே வாரத்தில் ஒவ்வொரு நகரமும் ஒருவரை அனுப்பி ஒருவரை ஏற்றது. 'இங்கு விருந்தினர் யார்?' என்றே நாம் ஓயாது வாதிடுகிறோம். ஓம்புதல் என்றால் பேணுதல். நாம் யாரைப் பேணினோம் என்பதே வள்ளுவர் நம்மிடம் கேட்கக்கூடிய கேள்வி. அல்சூர்த் தமிழருக்கும் கன்னடியருக்கும் அது பொது.