புகைக்குழாயில் ஒரு கசிவு

மார்கழி பிறந்துவிட்டால் வடக்கே வசிக்கும் நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. வீட்டு ஜன்னல்களைச் சாத்துவது போலவே காரின் கண்ணாடிகளையும் விரற்கடை இடைவெளி இல்லாமல் ஏற்றிவிட்டுப் புறப்படுகிறோம். ஜபல்பூரின் குளிர்காலக் காலைக் காற்று எப்படிப்பட்டது என்பதை இங்கே ஒரு வருஷம் கழித்தவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் அதைக் குற்றம் என்று நாங்கள் கூறவில்லை. ஆனால் அந்தக் கார் பழையதாக இருந்து, உள்ளே அமர்ந்திருப்பவர்களில் எவருக்கேனும் தலைவலியும் குமட்டலும் கண்டால், எலுமிச்சம்பழத்தைத் தேடுவதோடு நில்லாமல், காரின் அடிப்புறத்தையும் ஒரு முறை குனிந்து பார்ப்பது அவசியம் என்று அன்பர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

எங்களிடம் இருப்பது 2006-ஆம் ஆண்டு வண்டி. நான்கு சிலிண்டர், பெட்ரோல். 15 ஆண்டுகள் முடிந்த பிறகு தகுதிச் சான்று பெற்று, மேலும் 5 ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொண்ட வண்டி. இரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்தில் புதியது வாங்குவது பற்றிப் பேச்சு நடப்பதுண்டு, பேச்சோடு சரி. குவார்ட்டர்ஸிலிருந்து ஆபீஸ் 2 கிலோமீட்டர். வண்டியின் பெரும்பாலான ஓட்டம் அவ்வளவுதான்.

சென்ற பொங்கலுக்கு நாகபுரியில் உள்ள மைத்துனர் வீட்டிற்குக் குடும்பத்தோடு காரிலேயே கிளம்பினோம். முன்னால் நாங்கள் இருவர். பின் ஆசனத்தில் எங்கள் தாயாரும் இரண்டு குழந்தைகளும். ஊரைத் தாண்டி ஒரு மணி நேரம் ஆவதற்குள் சிறியவள் தலையை வலிக்கிறது என்றாள். பெரியவன் வழக்கத்திற்கு மாறாகப் பேசாமல் தூங்கி வழிந்தான். தாயார், "வயசாச்சுப்பா, கார் சவாரி எனக்கு ஒத்துக்கலே" என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிவனியில் தேநீருக்காக நிறுத்தினோம். கால் மணி நேரத்தில் குழந்தைகள் இருவரும் பழையபடி ஓடியாடினர். மறுபடி ஏறிக் கண்ணாடிகளை ஏற்றினோம். அரை மணியில் மறுபடியும் அதே தலைவலி.

பயணக் கிறுகிறுப்பு உள்ளவர்களும் வண்டியை விட்டு இறங்கினால் தெளிவடைவார்கள் என்பது உண்மையே. ஆனால் இதே சாலையில் கோடை விடுமுறையில், ஜன்னல்களைத் திறந்துகொண்டு இதே குழந்தைகள் வந்தபோது ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. இப்போதோ பின்னால் இருந்த மூவருக்கும் ஒருசேர வந்திருக்கிறது. முன் கண்ணாடியில் பனி படியாமலிருக்க ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் சிறிது இறக்கியிருந்தது. முன்னால் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்து, நான்கு கண்ணாடிகளையும் அடியோடு இறக்கிவிட்டோம். கம்பளி, மப்ளர், போர்வை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு, பல் கிட்டிக்க நாகபுரி போய்ச் சேர்ந்தோம். குளிரைத் தவிர வேறு உபாதை இல்லை. திரும்பும்போது குடும்பத்தினர் பாஸில் இரயிலேறினார்கள். வண்டி ஓட்டுநரோடு மட்டும், ஜன்னல்கள் திறந்தபடி வந்தது.

குற்றவாளி கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு. பள்ளியில் படித்த கரியமில வாயு வேறு, இது வேறு. பெட்ரோல் முழுவதும் எரியாதபோது இது உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். அந்த அளவுக்குப் பிராணவாயுவுக்கு இடமில்லாமல் போகும். தலைவலி, குமட்டல், தூக்கம், அதன்பின் நினைவு தப்புதல் என்று இது படிப்படியாக வேலை செய்கிறது. வேகமாக மூச்சு விடும் குழந்தைகளை முந்திப் பற்றும். குழந்தை தூங்குகிறது என்று நாம் மகிழ்ந்திருக்கும் நேரத்தில் அது தூக்கமாக இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில் நம்மில் பலர் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை வாங்கி வைத்திருக்கிறோம். அதை நம்பி இந்த விஷயத்தில் தைரியம் கொள்ளக் கூடாது. இந்த வாயு ஒட்டிய இரத்தத்தையும் பிராணவாயு ஒட்டிய இரத்தத்தையும் அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. ஆபத்தான நிலையிலும் அது நல்ல எண்ணையே காட்டும். சந்தேகம் எழுந்தால் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு விரைவதே வழி.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் காட்டினோம். காலையில் எஞ்சினைக் கிளப்பியவுடன் 'டக் டக்' என்று ஒரு சத்தம் வருவதுண்டு. அங்கிருந்தவர் அதைக் கேட்டுவிட்டு, டேப்பட் சத்தம், சரிசெய்துவிடலாம் என்றார். எங்களுக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. ஏனெனில் வண்டி சூடேறச் சூடேற அந்தச் சத்தம் தேய்ந்து மறைந்துவிடும். காலனியில் எங்களுக்கு அடுத்த வரிசையில் டீசல் ஷெட் பிட்டராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பொன்மலையில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம் போய்ச் சொன்னோம்.

"அது பாக்கிங் வழியா காத்து பிடுங்குற சத்தம், தம்பி. சூட்டிலே இரும்பு விரிஞ்சு சந்து அடைச்சுக்கும், சத்தம் நின்னுடும்" என்றார். பிறகு சற்று யோசித்து, "அது ஒருபக்கம் இருக்கட்டும். தலைவலி வந்தது பின்சீட்டுக்காரங்களுக்குத்தானே? அப்ப பின்னாலேயும் பாக்கணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இரவெல்லாம் நின்று குளிர்ந்திருந்த வண்டியைப் பார்க்க அவர் வந்தார். கையில் ஒரு முழ ரப்பர் குழாயும் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும். எஞ்சின் கிளம்பியதும் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மானிபோல்டை ஒட்டி, விசிறிக்கு எட்டாதவாறு மெல்ல நகர்த்தினார். நான்காவது சிலிண்டரின் அருகே வந்ததும் தலையசைத்தார். அந்த இடத்தில் கரி படிந்து கறுத்திருந்தது. அதன்பின் எஞ்சினை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்த வாக்குவம் கிளீனரின் காற்றை வெளியேற்றும் பக்கத்தை வால்குழாயில் துணி சுற்றிப் பொருத்தினோம். குழாய் நெடுகச் சோப்பு நீரைத் தடவியபடி வந்தோம். மானிபோல்டில் குமிழிகள் பொங்கின, அது எதிர்பார்த்ததே. பெரியவர் ஜாக்கியை மட்டும் நம்பாமல் மரக்கட்டைகளை அண்டைக்கொடுத்து, கீழே படுத்துக் கண்ணாடியைச் சைலென்சரின் மேற்புறத்திற்குக் காட்டினார். கீழிருந்து எவர் கண்ணிலும் படாத மேல் தையலில், நாலு விரல் நீளத்திற்கு நுரை வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டையிலிருந்து சத்தம் என்று எதுவும் வெளியே கேட்டதில்லை.

அன்றிரவு டிக்கிக்குள் ஒரு டார்ச்சை எரியவிட்டு மூடிவிட்டுக் கீழிருந்து பார்த்தோம். உபரிச் சக்கரம் வைக்கும் குழியில் ரப்பர் மூடி ஒன்று இல்லாமல், ஓர் உருண்டை வெளிச்சம் தரையில் விழுந்தது. சைலென்சரின் பிளவுக்கு நேர் மேலே இருந்தது அந்தத் துவாரம். டிக்கிக்கும் பின் ஆசனத்திற்கும் இடையே ஒரு தகரமும் பஞ்சும்தானே!

சைலென்சர் ஏன் இப்படி அரித்துப்போகிறது என்று கேட்டோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறதாம். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது வெளியேறிவிடுகிறது. தினம் 2 கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியிலோ, குழாய் சூடேறுவதற்குள் பயணம் முடிந்து, நீர் உள்ளேயே தங்கி இரும்பைத் தின்கிறது. நம்முடைய காலனி வண்டிகள் அத்தனைக்கும் இதே ஜாதகம்தான்.

மானிபோல்டு நட்டுகள் துருவேறிப் பிடித்திருந்தன. துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே விட்டு ஊறவைத்தோம். மறுநாள் ஒவ்வொன்றையும் முதலில் இம்மியளவு முடுக்கி, அதன்பின் தளர்த்தச் சொன்னார் பெரியவர். ஒரே மூச்சில் திருப்பினால் ஸ்டட் முறிந்து, துளைபோட்டு எடுக்க வேண்டிய பெருஞ்செலவில் கொண்டுபோய் விடுமாம். மானிபோல்டைக் கழற்றி, அதன் முகத்தில் நேரான இரும்புப் பட்டையை வைத்து, கோணல் இல்லை என்று பார்த்துக்கொண்டோம். கோணல் இருந்தால் புதுப் பாக்கிங்கும் சில மாதங்களில் எரிந்துபோகும். பழைய பாக்கிங்கை மறுபடி போடுவது கூடாது. பசை பூசி ஒப்பேற்றுவதும் அந்தச் சூட்டில் நிற்காது. புதிதாகப் போட்டு, நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, மூன்று சுற்றில் சிறிது சிறிதாக நட்டுகளை முடுக்கினோம். சைலென்சரைப் பற்றவைக்கலாமா என்ற யோசனையைப் பெரியவர் தகரத்தை விரலால் அழுத்திக் காட்டியே தள்ளிவிட்டார். விரல் உள்ளே இறங்கிற்று. புதிய சைலென்சர், அதைத் தொங்கவிடும் ரப்பர்கள், டிக்கி மூடி, பாக்கிங், நட்டுகள் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பெரியவர் கூலி என்று ஒன்றும் வாங்க மறுத்து, சாம்பார் சாதம் சாப்பிட்டார்.

புகைச் சான்று ஒழுங்காக இருந்ததே என்று கேட்கலாம். அந்தப் பரிசோதனை வால்குழாயின் முனையில் வரும் புகையை அளப்பது. நடுவே ஒழுகுவதைத் தேடுவது அதன் வேலையல்ல. பிராணவாயு சென்சாருக்கு முன்னால் உள்ள கசிவினால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் குறைவாய் இருப்பதாக எஞ்சினின் கம்ப்யூட்டரை ஏமாற்றி, வேண்டாத பெட்ரோலைப் பாய்ச்ச வைப்பதும் உண்டு. குளிர்காலத்தில் எங்கள் வண்டி அதிகம் குடித்துக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். பழுது பார்த்தபின் அது குறைந்திருக்கிறது.

இரு வாரம் ஓட்டியபின், குளிர்ந்த எஞ்சினில் நட்டுகளை மறுபடி ஒரு சுற்று பார்த்தோம். இரண்டு கால் திருகு இளகியிருந்தன. சோப்பு நீர்ச் சோதனையையும் இன்னொரு முறை செய்து பார்த்தோம், குமிழி இல்லை. தாயார் பேடாகாட் அருவிக்குக் காரிலேயே வந்தார், கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு. போகவர ஐம்பது கிலோமீட்டருக்குள், வாயைப் பொத்தவில்லை.

பெரியவரின் ரப்பர் குழாயும் கண்ணாடியும் இப்போது எங்கள் தாழ்வாரத்தில்தான் இருக்கின்றன. காலனியில் பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் ஞாயிறு காலையில் வரலாம். முதல் நாள் இரவே வண்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், எஞ்சின் குளிர்ந்திருக்கும். வாக்குவம் கிளீனரை மட்டும் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும்.