கறுப்பு மரத்தில் இல்லை

ஜன்னல் சட்டத்தின் நிறத்தை மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிர் நிறச் சாயம் பூசினால் கறுத்த மரம் வெளுக்காது. சாயம் அடர்த்தியைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

எங்கள் வீட்டுத் தேக்கு ஜன்னல்கள் அட்டக் கறுப்பு. ஆசாரி ஓர் ஓரத்தைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே தேன் நிறம்! அத்தனை கறுப்பும் காலங்காலமாக ஏறிய வார்னிஷ்தான்.

ரிமூவர் போட்டு வழித்து, ரேகை ஓடும் திசையிலேயே 80, 120, 220 என வரிசையாக உப்புத்தாள் தேய்க்க வேண்டும். ஆணியைச் சுற்றிய கருந்திட்டு, இரும்பும் மரத்திலுள்ள டானினும் சேர்ந்து உண்டாவது. அதற்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல். நச்சு என்பதால் கையுறை கட்டாயம்.

அம்மாவுக்கோ வெள்ளை பெயின்ட் ஆசை. அதையும் நேரடியாக அடிக்க முடியாது. தேக்கின் எண்ணெய்ப் பசையைத் தின்னரால் துடைத்து, கறை தடுக்கும் பிரைமர் பூசாவிட்டால் வெள்ளையில் மஞ்சள் கறை கசியும்.

பழைய பெயின்ட் இருந்தால் கவனம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

வெயில் படும் வெளிப்பக்கத்துக்கு பியூ (பாலியூரித்தேன்) பூச்சா, தேக்கு எண்ணெயா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.